பயிற்சி மையத்திலிருந்து பால்வாடிக்கு: சேலம், ஏற்காடு பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வளர்ச்சியில் தாமதம், மூளை முடக்குவாதம், காது கேளாமை, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகச் சின்ன வயதிலேயே பயிற்சிக்கு வரும் குழந்தைகள் சேலத்தில் நிறைய. சிலர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு வருகிறார்கள். டி.இ.ஐ.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். சிலர் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை உதவியோடு நடக்கும் ஆரம்ப நிலைப் பயிற்சி மையங்களுக்குப் போகிறார்கள். குழந்தைக்கு மூன்று வயது நெருங்கும்போது எல்லாப் பெற்றோருக்கும் ஒரே பயம் வந்துவிடுகிறது: இனி பள்ளிக்கூடமா? சிறப்பு ஆசிரியையாக நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த வயதில் பால்வாடிக்கு அனுப்பலாம்? எப்போது ஏற்பாட்டைத் தொடங்குவது?

நம் மாநிலத்தில் அங்கன்வாடியில் 2 வயது முடிந்த குழந்தையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எல்.கே.ஜி.க்கு 3 முடிந்திருக்க வேண்டும். ஜூனில் சேர்ப்பதென்றால் பொங்கல் கழிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். சான்றிதழ் வாங்க, பயிற்சி மையத்தில் அறிக்கை எழுதி வாங்க, இரண்டு மூன்று இடம் போய்ப் பார்க்க, டீச்சரோடு பேச என்று ஐந்து மாதம் ஓடியே போய்விடும். மே கடைசியில் வந்து "அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்குதுங்க மேடம்" என்றால் குழந்தைக்கும் கஷ்டம், டீச்சருக்கும் கஷ்டம்.

பயிற்சி மையமே பள்ளிக்குத் தகவல் சொல்லிவிடாதா?

சொல்லாது. நான் பேசும் பெற்றோரிடமெல்லாம் முதலில் சொல்வது இதைத்தான். டி.இ.ஐ.சி. சுகாதாரத்துறையில் இருக்கிறது. பயிற்சி மையம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை சார்ந்தது. அங்கன்வாடி சமூகநலத்துறையின் கீழ் வரும் குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் இருக்கிறது. பள்ளியும் வட்டார வள மையமும் பள்ளிக் கல்வித்துறை. நாலு துறை, நாலு பதிவேடு. ஒரு இடத்துக் கோப்பு இன்னொரு இடத்துக்குத் தானாகப் போவதில்லை. இரண்டு வருடம் அந்தக் குழந்தையைத் தொட்டுப் பழகிய பிசியோவுக்குத் தெரிந்த எதுவும் பால்வாடி டீச்சருக்குத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிற ஆள் நீங்கள்தான்.

அமெரிக்காவில் எப்படி என்று யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அங்கே சட்டமே இருக்கிறது. குழந்தையின் மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்னால், பெற்றோர் சம்மதத்தோடு, பயிற்சித் தரப்பையும் பள்ளித் தரப்பையும் உட்காரவைத்துக் கூட்டம் போட வேண்டும். மூன்று வயது ஆகும்போது பள்ளிக்கான தனித்திட்டம் கையில் இருக்க வேண்டும். இங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தை நாமே சின்னதாக நடத்திக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை. ஒரு நாள் டீச்சரைப் பயிற்சி மையத்துக்கு அழைத்து வாருங்கள். முடியாவிட்டால் பயிற்சி நேரத்தில் அவருக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள். பத்து நிமிடம் அவர் கண்ணால் பார்த்தால், நீங்கள் ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

இன்னும் நடக்கவில்லை, பேசவில்லை, பாத்ரூம் சொல்லத் தெரியவில்லை. இதெல்லாம் வந்தபிறகு அனுப்பலாமா?

வேண்டாம். காத்திருக்கக் காத்திருக்க வயதுதான் போகும். மற்ற குழந்தைகளோடு உட்கார்வது, வரிசையில் நிற்பது, தட்டு வாங்கிக்கொள்வது, தன் பெயர் கூப்பிடும்போது கை தூக்குவது, இதெல்லாம் தெரபி அறையில் கற்றுக்கொடுக்க முடியாத விஷயங்கள். பேச்சு வராத குழந்தைக்குப் பேசும் குழந்தைகள் நடுவில் இருப்பதே பெரிய பயிற்சி.

வீட்டில் மாமியாரோ மாமனாரோ "இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும், ஊர்ல நாலு பேரு பார்த்தா ஏதாச்சும் சொல்வாங்க" என்பார்கள். அவர்கள் பயமும் பாசத்தில் வருவதுதான். கோபப்படாதீர்கள். பால்வாடிக்குப் போகிற முதல் வாரம் அவர்களையே கூட அனுப்பிப் பாருங்கள். பேரன் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து முட்டை சாப்பிடுவதைப் பார்த்த பாட்டி அப்புறம் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

அங்கன்வாடியா, தனியார் எல்.கே.ஜி.யா, சிறப்புப் பள்ளியா?

குழந்தைக்குக் குழந்தை மாறும். ஆனாலும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வீட்டுக்குப் பக்கத்து அங்கன்வாடிதான் நல்ல தொடக்கம். எழுத்து, ஹோம்வொர்க் நெருக்கடி கிடையாது. பாட்டு, கதை, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம். நடந்தே போய்விடலாம். தெருப் பிள்ளைகளே வகுப்புப் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று மத்திய அரசு 2023 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. அதனால் "எங்களுக்கு இதுக்கு உத்தரவு இல்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கினார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தனியார் எல்.கே.ஜி. என்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். மூன்றரை வயதில் நாலு கோடு நோட்டில் எழுதவைக்கும் பள்ளி நம் குழந்தைக்குச் சரிப்படாது.

சிறப்புப் பள்ளி வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கடுமையான காது கேளாமையுள்ள குழந்தை சைகை மொழியில் வளர வேண்டியிருக்கலாம். பல குறைபாடுகள் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு நாள் முழுக்கப் பயிற்சி பெற்ற ஆள் தேவைப்படலாம். அங்கே சேர்ப்பதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி நாள் சிறப்புப் பள்ளி, பாதி நாள் பால்வாடி என்று சமாளிக்கும் குடும்பங்களும் உண்டு.

பள்ளியில் சேர்த்ததும் தெரபியை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். பெயரில் "ஆரம்ப" என்று இருப்பதால் மூன்று வயதோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். டி.இ.ஐ.சி. 18 வயது வரை பார்க்கும். நலத்துறையின் ஆரம்ப நிலை மையங்கள் 6 வயது வரை. ஆகவே பள்ளியும் பயிற்சியும் சில வருடம் சேர்ந்தே போகலாம். நாட்களைக் குறைத்துக்கொண்டு, பள்ளி விட்டபின் வரும்படி நேரம் மாற்றிக் கேளுங்கள்.

இது தவிர வட்டார வள மையம் என்று ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் அங்கிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் பட்டியலில் குழந்தையின் பெயர் ஏறிவிட்டால் மருத்துவ முகாம், உபகரணம் எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும்.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை. அப்புறம் மருத்துவச் சான்றோடு கூடிய தனித்துவ அடையாள அட்டை, அதாவது யு.டி.ஐ.டி. அட்டை. ஐந்து வயதுக்குள் "வளர்ச்சித் தாமதம்" என்று கொடுக்கும் சான்று தற்காலிகமானது, ஐந்து வயதில் மறுபடி பரிசோதித்துப் புதுப்பிக்க வேண்டும். அதில் போட்டிருக்கும் தேதியைக் கவனித்து வையுங்கள்.

யு.டி.ஐ.டி. இருந்தால் வேறு சில கதவுகளும் திறக்கும். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவும் இதில் சேரும். பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து ஒரு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

டீச்சரிடம் என்ன சொல்ல வேண்டும்? எல்லாம் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ?

மறைத்துச் சேர்த்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் அந்த டீச்சர் உங்கள் பேச்சை நம்புவது கஷ்டம். சொல்லுங்கள், ஆனால் நோயின் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். குழந்தைக்கு என்ன பிடிக்கும், என்ன செய்வான் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

பயிற்சி மைய அறிக்கையில் நிறைய எண்களும் மருத்துவச் சொற்களும் இருக்கும். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் டீச்சர் அதைப் படிக்க மாட்டார். அதனால் ஒரே ஒரு பக்கம், பெரிய எழுத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுத வராவிட்டால் தெரபிஸ்ட்டிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். மூளை முடக்குவாதம் உள்ள மூன்றரை வயதுக் குழந்தைக்கு நான் எழுதச் சொல்வது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"பாட்டு என்றால் உயிர். பஸ் படம் காட்டினால் சிரிப்பாள். கேட்பதெல்லாம் புரியும், பதில் வரத்தான் நேரமாகும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். 'ஆமாம்' என்றால் மேலே பார்ப்பாள், 'வேண்டாம்' என்றால் தலையைத் திருப்பிக்கொள்வாள். தரையில் கால் நீட்டி உட்காரவைத்தால் பின்னால் சாய்ந்துவிடுவாள். சுவர் மூலையில் உட்காரவைத்து முன்னால் குட்டி ஸ்டூல் போட்டால் இரண்டு கையும் வேலை செய்யும். கால் ஸ்ப்ளின்ட்டைத் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். சாதத்தைக் குழைத்து, நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், சின்ன கரண்டியில் கொடுங்கள். தலையை அண்ணாத்திக் குடிக்கவைத்தால் புரையேறும். பாத்ரூம் வந்தால் முகம் சிவந்து அமைதியாகிவிடுவாள்."

அவ்வளவுதான். இந்தப் பக்கத்தை லேமினேட் செய்து அங்கன்வாடிச் சுவரில், ஆயா சாப்பாடு போடும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். ஏனென்றால் பல நாள் ஊட்டுவதும் கழுவிவிடுவதும் ஆயாதான். பெற்றோர் டீச்சரிடம் மட்டும் பேசிவிட்டு ஆயாவை விட்டுவிடுகிறார்கள். ஆயாவிடம் தனியாக, மரியாதையோடு, கையில் செய்து காட்டுங்கள்.

வலிப்பு வரும் குழந்தை என்றால் இதைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும்: ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், கையில் சாவி திணிக்க வேண்டாம், மணி பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. சாவி கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதியே கொடுக்கச் சொல்கிறேன்.

காது மெஷின் போட்ட குழந்தை. வீட்டிலேயே தறி ஓடுகிறது. பள்ளியில் எப்படி?

கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் இந்தக் கேள்வி சகஜம். மெஷின் எல்லாச் சத்தத்தையும்தான் பெரிதாக்கும். தறிச் சத்தத்தில் அம்மாவின் குரல் அமுங்கிப்போகும். வீட்டில் தறி நின்ற நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, முகம் தெரியப் பேசுங்கள். பள்ளியில் குழந்தை டீச்சருக்கு முன்னால் இருக்க வேண்டும், ஓடும் ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் பக்கத்தில் வேண்டாம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லுங்கள். கூடுதல் பேட்டரியைப் பையில் வைத்து, மாற்றுவது எப்படி என்று டீச்சருக்குக் காட்டிவிடுங்கள். பேட்டரி தீர்ந்த மெஷினோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் குழந்தையை "அடங்காதவன்" என்று சொல்லிவிடுவார்கள்.

காக்ளியர் (உள்காதில் கருவி பொருத்தும்) அறுவைச் சிகிச்சை தேவை என்று டாக்டர் சொல்லியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள்தான் செய்கிறார்கள். முன்னால் செய்யச் செய்ய பேச்சு நன்றாக வரும்.

நாங்கள் ஏற்காட்டில் எஸ்டேட்டில் இருக்கிறோம். சேலம் வந்து போக ஒரு நாள் கூலி போகிறது. என்ன செய்வது?

மலைக்குக் கீழே சேலத்தில் இருப்பவர்கள் இந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடுகிறோம். நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் மாதிரிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து முதலில் ஏற்காட்டுக்கு வர வேண்டும், பிறகு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அது வாந்தி எடுத்து, களைத்துப்போய் பயிற்சிக்கு வந்தால் அன்றைய பயிற்சியில் பாதி வீண். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். மருத்துவமனையில் எல்லா டாக்டரையும் ஒரே நாளில் பார்க்கும்படி தேதி கேளுங்கள். தயங்காமல் "மலையிலிருந்து வருகிறோம்" என்று சொல்லுங்கள்.

ஆனால் முக்கியமான விஷயம், முடிந்ததை மலையிலேயே செய்துகொள்வது. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வர வேண்டும். எப்போது வருகிறார்கள் என்று டீச்சரைக் கேட்டு வையுங்கள், அன்று கூலிக்குப் போகாதீர்கள். ஏற்காடு வட்டார வள மையத்தில் பெயரைப் பதியுங்கள். பள்ளிக்கே வர முடியாத நிலையில் இருக்கும் குழந்தைக்கு வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுக்கும் ஏற்பாடும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. சேலத்தில் தெரபிஸ்ட் செய்து காட்டுவதை உங்கள் செல்போனிலேயே வீடியோ எடுத்துக்கொண்டு, அதை அங்கன்வாடி டீச்சருக்கும் காட்டுங்கள். மாதம் ஒரு முறை கீழே வந்து, தினமும் மேலே செய்யும் குழந்தை நன்றாகவே முன்னேறும்.

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை, அம்மா விடிகாலையில் போய்விடுவார். அப்போதுதான் நம் குழந்தைகளின் வருகை நின்றுபோகிறது. பால்வாடிக்குக் கொண்டுவிட யார், கூட்டிவர யார் என்று தீபாவளிக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் கூட்டிப்போவது பல சிற்றூர்களில் நடக்கிறது.

மூடுபனிக் காலத்தில் காது மெஷினுக்குள் ஈரம் இறங்கும். இரவில் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்காதீர்கள்.

பள்ளியில் சேர்க்க மறுத்தால்?

முதலில் எழுத்தில் கேளுங்கள். "ஏன் சேர்க்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்றாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 16-ஆம் பிரிவு. அங்கன்வாடி என்றால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் போங்கள். பள்ளி என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கு அழைக்கலாம். எதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் சில டீச்சர்கள் மறுப்பது பயத்தால். "ஏதாவது ஆயிடுச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க" என்பார்கள். அவர்களிடம் சட்டம் பேசுவதற்கு முன் மேலே சொன்ன ஒரு பக்கத்தைக் காட்டி, முதல் வாரம் நானும் கூட இருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீடு நம் குழந்தைக்கு உண்டா?

உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தால் மாற்றுத்திறன் குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். இங்கே எல்.கே.ஜி.யிலேயே விண்ணப்பிக்கலாம். இணையவழிப் பதிவு வழக்கமாகக் கோடையில் நடக்கும், சில வருடம் தள்ளியும் போகும். செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நாள் முழுக்க நானும் வகுப்பில் உட்கார வேண்டும் என்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் சரி. அதிலும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக விலகுங்கள்: பக்கத்தில், அப்புறம் வாசலில், அப்புறம் வீட்டில். வருடம் முழுக்க அம்மா உட்கார்ந்திருந்தால் டீச்சர் குழந்தையைத் தொடவே மாட்டார், மற்ற பிள்ளைகளும் கிட்டே வர மாட்டார்கள். எப்போது விலகுவது என்று முதலிலேயே தேதி பேசிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு சாப்பாடு வரை, பிறகு முழு நேரம் என்று கூட்டிக்கொண்டு போவது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒத்துவரும்.

ஒரு மாதமாக அழுகை. வந்த வார்த்தையும் போய்விட்டது. எடுத்துவிடலாமா?

புது இடத்தில் சில வாரம் அழுவது பல குழந்தைகளுக்கு இயல்பு. அது அடங்க நம் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். ஆனால் அழுகை எந்த நேரத்தில் வருகிறது என்று ஆயாவிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை எல்லோரும் சேர்ந்து கத்திப் பாடும்போது மட்டும் காதைப் பொத்தி அழுதால் காரணம் சத்தம். அந்த நேரம் வாசலில் உட்காரவிட்டாலே பாதி சரியாகும். ஸ்ப்ளின்ட் போட்ட குழந்தை மதியத்துக்கு மேல் அழுதால் கழற்றிப் பாருங்கள். சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அளவு சிறிதாகிவிட்டது, மாற்ற வேண்டும்.

பேசிய வார்த்தைகள் நின்றுபோவது, நடை தளர்வது, சாப்பாட்டையே ஒதுக்குவது என்று இருந்தால் பொறுத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் அடித்த தடம், ஆளைப் பார்த்தாலே நடுக்கம் என்றால் அன்றே எடுத்துவிடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழையுங்கள்.

பால்வாடி முடிந்து ஒன்றாம் வகுப்புக்கு?

மறுபடியும் பொங்கலிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியதுதான். ஐந்து வயதில் சான்றிதழ் புதுப்பிக்கும் வேலையும் அப்போதே வருவதால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு தருகிறது. இந்த முறை ஒரு பக்கக் குறிப்பைப் பால்வாடி டீச்சரையே எழுதச் சொல்லுங்கள். அதற்குள் உங்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும்.